மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உண்ணிவழி நோய்கள்: கண்காணிப்பின் வரலாறு

உண்ணி கடிப்பதால் மனிதருக்கும் கால்நடைக்கும் பரவும் நோய்கள் உண்ணிவழி நோய்கள் எனப்படுகின்றன. இந்தியாவில் இவற்றுள் மிகுதியாக ஆராயப்பட்டது கியாசனூர் காட்டு நோய். தமிழ் நாளிதழ்கள் இதைக் 'குரங்குக் காய்ச்சல்' என்று குறிப்பிடுகின்றன. கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்தில் 1957இல் கண்டறியப்பட்ட இந்நோய், பின்னர் மேற்குத் தொடர்ச்சி மலையின் வழியே தெற்கிலும் வடக்கிலும் புதிய இடங்களில் தென்பட்டது. தமிழகத்தில் 2012ஆம் ஆண்டின் இறுதியில் நீலகிரி மாவட்டத்து முதுமலையில் இறந்த குரங்குகளில் இது உறுதிசெய்யப்பட்டது.

விருதுநகர் மாவட்டத்தின் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இதே மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில் உள்ளன. இந்நோய் அங்கே பரவிவிட்டது என்று இக்கட்டுரை கூறவில்லை. நோயின் வரலாறு அத்தகைய மலையடிவார ஊர்களுக்கு என்ன கற்றுத்தருகிறது என்பதே இங்கு பேசப்படுகிறது. அந்த வரலாற்றில் திரும்பத் திரும்பத் தென்படும் செய்தி ஒன்று உண்டு: முதல் எச்சரிக்கை ஆய்வகத்திலிருந்து வரவில்லை. காட்டோரத்தில் வாழ்ந்தவர்களின் கண்ணிலிருந்தே வந்தது. அந்த எச்சரிக்கை உரிய இடத்தை விரைந்து சேர்ந்தபோது உயிர்கள் காக்கப்பட்டன. தாமதமானபோது இழப்பு கூடியது.

உண்ணியின் வாழ்க்கை

உண்ணி பூச்சி இனத்தைச் சேர்ந்ததன்று. சிலந்தி, தேள் ஆகியவற்றின் உறவினம். முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழுவுக்கு ஆறு கால்கள். அது ஒருமுறை இரத்தம் குடித்துத் தோலுரித்தபின் எட்டுக் கால்களுடைய இளவுண்ணியாகிறது. மீண்டும் இரத்தம் குடித்தபின் முழு வளர்ச்சி அடைகிறது. பல உண்ணிகள் இம்மூன்று பருவங்களிலும் மூன்று வெவ்வேறு விலங்குகளை நாடுகின்றன. முதலில் எலியோ பறவையோ, அடுத்து குரங்கோ மனிதனோ, இறுதியில் மாடு, மான் போன்ற பெரிய விலங்கோ அதற்கு இரையாகலாம்.

ஒரு விலங்கிடம் பெற்ற கிருமியை அடுத்த விலங்கிடம் சேர்க்க இந்த வாழ்க்கை முறையே வழிசெய்கிறது. மேலும், உண்ணி உணவின்றி நெடுநாள் உயிர்வாழக் கூடியது. ஆகவே நோயுற்ற விலங்கு மறைந்த பின்னரும் அவ்விடம் ஆபத்தானதாகவே இருக்கும்.

மாட்டிலிருந்து தொடங்கிய அறிவு

உண்ணி நோயைப் பரப்பும் என்பது அறிவியல்முறைப்படி முதலில் மாடுகளில்தான் நிறுவப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலிருந்து வடக்கே ஓட்டிச் செல்லப்பட்ட மாடுகள் நலமாகவே இருந்தன. ஆனால் அவை மேய்ந்த நிலத்தில் பின்னர் மேய்ந்த வடபகுதி மாடுகள் மடிந்தன. இதற்குக் காரணம் உண்ணிதான் என்று மாடு வளர்ப்போர் சிலர் நெடுங்காலமாகவே சொல்லி வந்தனர். கற்றோர் அதைப் பொருட்படுத்தவில்லை. தியோபால்ட் ஸ்மித், கில்போர்ன் ஆகியோர் செய்த சோதனைகளின் முடிவுகள் 1893இல் வெளியாயின. மாட்டின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும் பபீசியா என்ற ஒட்டுண்ணியை உண்ணியே கொண்டுசெல்கிறது என அவை காட்டின. கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்டு ராஸ் 1897இல் கண்டறிவதற்கு முன்பே இது நிகழ்ந்தது.

பபீசியா இன்றும் இந்தியக் கால்நடைகளைத் தாக்குகிறது. காய்ச்சலுடன் மாட்டின் சிறுநீர் செந்நிறமாக மாறுவது இதன் அறிகுறி. தைலேரியா என்ற மற்றோர் ஒட்டுண்ணி நோய் நாட்டு மாடுகளைவிடக் கலப்பின மாடுகளைக் கடுமையாகத் தாக்குகிறது. பால் உற்பத்திக்காகக் கலப்பின மாடுகள் பெருகியபோது உண்ணிக் கட்டுப்பாட்டின் தேவையும் பெருகியது.

கியாசனூர், 1957

அன்றைய மைசூர் மாநிலத்தின் சிமோகா மாவட்டத்தில் சொரப், சாகர் வட்டங்களின் காட்டோர ஊர்களில் மக்கள் திடீர்க் காய்ச்சலால் படுத்தனர். கடுந்தலைவலி, தசைவலி, வாந்தி ஆகியவை உடன் வந்தன. சிலருக்கு இரத்தக் கசிவும் ஏற்பட்டது. முதலில் இது குடற்காய்ச்சலாக இருக்கலாம் என்று எண்ணப்பட்டது. ஆனால் ஊரார் இன்னொன்றையும் கவனித்திருந்தனர். காட்டில் குரங்குகள் செத்து விழுந்துகொண்டிருந்தன. குரங்குச் சாவையும் மனிதக் காய்ச்சலையும் இணைத்து அவர்கள் அந்நோய்க்குக் கன்னடத்தில் 'மங்கன காயிலே', அதாவது குரங்கு நோய், என்றே பெயரிட்டனர்.

இந்தச் செய்தி புனேயிலிருந்த வைரஸ் ஆராய்ச்சி மையத்தை எட்டியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ராக்பெல்லர் அறக்கட்டளையும் இணைந்து 1952இல் நிறுவிய அம்மையமே இன்றைய தேசிய வைராலஜி நிறுவனம். குரங்குகளும் மனிதரும் ஒருசேர இறக்கும் நோய் என்றதும் அங்கிருந்தோருக்கு மஞ்சள் காய்ச்சல் நினைவுக்கு வந்தது. ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் மட்டுமே இருந்த அந்நோய் இந்தியாவுக்குள் நுழைந்திருந்தால், அதைப் பரப்பும் கொசு இங்கே ஏற்கனவே நிறைந்திருந்ததால், பேரழிவு நேர்ந்திருக்கும். எனவே ஆய்வாளர்கள் விரைந்தனர். டெல்போர்ட் வொர்க், ஹெரால்டு டிராபிடோ ஆகியோர் 1957 மார்ச் மாதத்தில் கியாசனூர் காட்டில் ஆய்வைத் தொடங்கினர்.

குரங்குகளிடமிருந்தும் நோயாளிகளிடமிருந்தும் பிரித்தெடுக்கப்பட்ட வைரஸ் மஞ்சள் காய்ச்சலுடையதன்று. சோவியத் ஒன்றியத்தின் தூரகிழக்குப் பகுதியில் 1937இல் லெவ் சில்பர் தலைமையிலான குழு கண்டறிந்த உண்ணிவழி மூளைக்காய்ச்சல் வைரசுக்கு அது நெருங்கிய உறவாக இருந்தது. அந்த உறவே உண்ணியைத் தேடுமாறு சுட்டியது. காட்டின் தரையில் ஹீமாபைசாலிஸ் ஸ்பினிஜெரா என்ற உண்ணி இனம் மிகுந்திருந்தது. அதன் உடலில் வைரஸ் இருந்தது. வெள்ளைத்துணியைப் புதர்மீதும் சருகின்மீதும் இழுத்துச் சென்று, அதில் ஒட்டும் உண்ணிகளைச் சேகரிக்கும் முறை அன்று பயன்பட்டது; இன்றும் பயன்படுகிறது.

சைபீரியப் பகுதி வைரசின் உறவினம் தென்னிந்தியாவுக்கு எப்படி வந்தது என்ற கேள்வியும் எழுந்தது. வலசைப் பறவைகளின் உடலில் ஒட்டிய உண்ணிகள் கொண்டுவந்திருக்கலாமோ என்று ஐயுற்றனர். பறவையியலாளர் சலீம் அலி வழிகாட்டிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பறவை வளையமிடும் பணிக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவு கிடைத்ததற்கு இந்த ஐயமும் ஒரு காரணம்.

இந்த ஆய்வு எளிதானதாக இருக்கவில்லை. களத்தில் உண்ணி சேகரித்தோரும் ஆய்வகத்தில் வைரசைக் கையாண்டோரும் நோயுற்றனர். நோயின் பெயரால் இன்று அறியப்படும் அறிவின் ஒரு பகுதி அவர்கள் உடல்வருந்திப் பெற்றது.

காடு மாறியதும் நோய் வெளிப்பட்டதும்

வைரஸ் காட்டுக்குள் முன்பே இருந்திருக்கக்கூடும் என்றால், 1950களில் அது ஏன் ஊருக்குள் வந்தது? வைரஸ் ஆராய்ச்சி மையத்தில் பணியாற்றிய கொலம்பிய நாட்டு அறிஞர் ஜோர்ஜ் போஷெல் 1969இல் வெளியிட்ட கட்டுரை இக்கேள்வியை ஆராய்ந்தது. மக்கள்தொகை பெருகியபோது காட்டின் ஓரங்கள் வெட்டி வயலாக்கப்பட்டன. மாடுகள் காட்டுக்குள் மேய்ந்தன. முதிர்ந்த உண்ணிகளுக்கு மாடு போதிய இரத்தம் தரும் விலங்கானதால் உண்ணியின் எண்ணிக்கை பெருகியது. வெட்டிய இடங்களில் உண்ணிச்செடிப் புதர் மண்டி, எலி போன்ற சிறு விலங்குகளுக்கும் உண்ணிகளுக்கும் தங்குமிடமானது.

இந்த வைரசால் மாடு நோயுறுவதில்லை. அதன் இரத்தத்தில் வைரஸ் பெருகுவதும் இல்லை. ஆயினும் உண்ணியைப் பெருக்கி, அதைக் காட்டிலிருந்து ஊரின் அருகே கொண்டுவருவதில் மாட்டுக்குப் பங்குண்டு. குரங்கின் நிலை வேறு. வைரஸ் அதன் உடலில் பெருமளவில் பெருகுகிறது. அது இறந்து விழும்போது அதன் உடலிலுள்ள உண்ணிகள் இறங்கிச் சுற்றிலும் பரவுகின்றன. குரங்கு இறந்த இடமே இவ்வாறு நோய்க்களமாகிறது.

1982இல் தென்கன்னட மாவட்டத்தின் பெல்தங்கடி வட்டத்திலுள்ள நிட்லே பகுதியில் காடு வெட்டப்பட்டதைத் தொடர்ந்து குரங்குகள் இறந்தன. பின்னர் மக்களிடையே பெரும் பரவல் ஏற்பட்டது. போஷெல் விளக்கிய தொடர்பை அந்நிகழ்வு மீண்டும் நினைவூட்டியது.

தடுப்பு முயற்சிகள்

இந்நோய்க்குத் தனி மருந்து இன்றுவரை இல்லை. நீர்ச்சத்து குறையாமல் காப்பது, இரத்தக் கசிவைக் கவனிப்பது போன்ற துணைச் சிகிச்சையே தரப்படுகிறது. நோயுற்றோரில் ஏறத்தாழ 3 முதல் 5 விழுக்காட்டினர் இறக்கின்றனர். சிலருக்குக் காய்ச்சல் தணிந்து ஓரிரு வாரத்தில் மீண்டும் வந்து, நடுக்கம், மனக்குழப்பம் ஆகிய நரம்புக் குறிகளைக் காட்டுகிறது. ஒருவரிடமிருந்து மற்றவருக்கு நேரடியாகப் பரவுவதில்லை. எனவே முழுக் கவனமும் தடுப்பின்மீதே இருந்தது.

முதலில், உறவின வைரசுக்கான உருசியத் தடுப்பூசி வகை முயன்று பார்க்கப்பட்டது. அது பாதுகாப்புத் தரவில்லை. பின்னர் கியாசனூர் வைரசையே கோழிக்கரு உயிரணுக்களில் வளர்த்து, பார்மலினால் செயலிழக்கச் செய்த தடுப்பூசி உருவானது. 1990 முதல் கர்நாடகத்தில் அது பரவலாகப் போடப்பட்டது. ஒரு மாத இடைவெளியில் இரண்டு தவணை, பின்னர் ஆண்டுதோறும் ஊக்கத் தவணை என்பது ஏற்பாடு. 2013இல் வெளியான ஓர் ஆய்வு, இரண்டு தவணை மட்டும் பெற்றோரில் இதன் பயன் ஏறத்தாழ 62 விழுக்காடு என்றும், ஊக்கத் தவணையும் பெற்றோரில் 83 விழுக்காடு என்றும் கணித்தது. ஊசி போட்ட இடத்தில் வலி, அடிக்கடி போட வேண்டிய தேவை ஆகியவற்றால் பலர் தவணைகளை முடிக்கவில்லை. தடுப்பூசியின் வீரியமும் குறைந்ததாகத் தெரிந்ததால் 2022இல் அதன் பயன்பாடு நிறுத்தப்பட்டது. இந்தியன் இம்யூனாலஜிகல்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து புதிய தடுப்பூசியை உருவாக்கும் பணியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஈடுபட்டுள்ளது.

இரண்டாவது வழி உண்ணியைத் தோலுக்கு வரவிடாமல் தடுப்பது. பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பு உருவாக்கிய டெப்பா என்ற விரட்டி எண்ணெய் கர்நாடகத்தின் காட்டோர மக்களுக்கு வழங்கப்படுகிறது. கைகால்களில் பூசிக்கொண்டு காட்டுக்குச் சென்று, திரும்பியபின் வெந்நீரும் சோப்பும் கொண்டு குளிப்பது முறை.

மூன்றாவது வழி குரங்குச் சாவைக் கண்காணிப்பது. இறந்த குரங்கு தென்பட்டால் பயிற்சி பெற்றோர் பாதுகாப்பு உடையுடன் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவர், உடலை எரிப்பர், அவ்விடத்தைச் சுற்றி 50 அடி வட்டத்தில் பூச்சிமருந்து தூவி, மக்கள் நடமாட்டத்தைத் தடுப்பர். மூன்று வழிகளில் மிகப் பழையது இதுவே. தடுப்பூசி நிறுத்தப்பட்ட இந்நாளில் இதன் இன்றியமையாமை கூடியுள்ளது.

மலைத்தொடர் நெடுகிலும்

அரை நூற்றாண்டு காலம் கர்நாடகத்தின் சில மாவட்டங்களுக்குரிய நோயாக இது கருதப்பட்டது. 2012இன் இறுதியில் பந்திப்பூர் புலிகள் காப்பகத்தில் இறந்த குரங்குகளை அப்புறப்படுத்திய வனப் பணியாளர்கள் நோயுற்றனர். அதே காலத்தில் எல்லைக்கு இப்பால் முதுமலையிலும் நோய் உறுதியானது. 2013இல் கேரளத்தின் வயநாட்டில் தென்பட்டது. 2014-15 பருவத்தில் அங்கே பரவியபோது நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். அவர்களுள் பழங்குடி மக்கள் மிகுதி. 2015இல் கோவாவிலும் 2016இல் மகாராட்டிரத்தின் சிந்துதுர்க் மாவட்டத்திலும் பரவல் பதிவானது. 2018-19இல் நோய் முதலில் தோன்றிய சாகர் வட்டத்திலேயே அரளகோடு பகுதியில் பலர் இறந்தனர்.

புதிய இடங்களில் முதலில் பாதிக்கப்பட்டோர் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். வனப் பணியாளர், விறகு எடுப்போர், தேன் சேகரிப்போர், மாடு மேய்ப்போர், தோட்டத் தொழிலாளர் ஆகியோரே அவர்கள். பிழைப்புக்காகக் காட்டுக்குள் செல்பவர்கள் இவர்கள். காட்டுக்குப் போக வேண்டாம் என்ற அறிவுரை இவர்களிடம் பயன் தருவதில்லை.

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும்

இவ்விரு ஊர்களின் மேற்கே உள்ள மலைக்காடு 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021இல் மேகமலையுடன் இணைக்கப்பட்டு ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமானது. அதன் பரப்பு ஏறத்தாழ 1,016 சதுர கிலோமீட்டர். நாட்டுக் குரங்கு, நீலகிரிக் கருமந்தி, மான், யானை ஆகியவை இங்கு வாழ்கின்றன. அடிவாரத்தில் மா, தென்னைத் தோப்புகள் உள்ளன. பளியர் குடியிருப்புகள் உள்ளன. சதுரகிரி போன்ற மலைக்கோயில்களுக்கு அமாவாசை, பௌர்ணமி நாட்களில் வெளியூர் மக்கள் பெருந்திரளாக ஏறுகின்றனர். காடு, குரங்கு, கால்நடை, மனிதர் ஆகிய நான்கும் இங்கே அருகருகே உள்ளன.

ஆனால் சிமோகாவின் நாட்காட்டியை இங்கே அப்படியே பின்பற்ற முடியாது. சிமோகா தென்மேற்குப் பருவமழை நிலம். அங்கே மழை ஓய்ந்தபின் டிசம்பர் முதல் மே வரை இளவுண்ணிகள் மிகுந்து, அக்காலமே நோய்ப்பருவமாகிறது. மலையின் கிழக்குச் சரிவிலுள்ள இப்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையையே மிகுதியாகப் பெறுகிறது. ஆகவே எந்த இன உண்ணி, எந்த மாதத்தில், எந்த விலங்கின்மீது மிகுகிறது என்பதை இந்த மண்ணிலேயே கணக்கெடுக்க வேண்டும். மதுரையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்க்கடத்தி ஆய்வு நிலையமும், திருநெல்வேலியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும், ஓசூரில் மாநிலச் சுகாதாரத் துறையின் நோய்க்கடத்தி மற்றும் விலங்குவழி நோய்கள் நிறுவனமும் உள்ளன. அறிவுக்கும் கருவிக்கும் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை.

ராஜபாளையம் என்றவுடன் பலருக்கு நினைவுக்கு வருவது அவ்வூர்ப் பெயர் கொண்ட வெண்ணிற வேட்டை நாய். 2005இல் இந்திய அஞ்சல் துறை அதற்கு அஞ்சல்தலை வெளியிட்டது. நாயுண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற நுண்ணுயிர் நாய்களின் இரத்தத் தட்டணுக்களைக் குறைத்து மூக்கில் இரத்தம் வடியச் செய்யும். வியட்நாம் போரில் அமெரிக்கப் படையின் நாய்கள் நூற்றுக்கணக்கில் இதனால் மடிந்த பின்னரே இந்நோய் உலகக் கவனம் பெற்றது. நாய் வளர்ப்போரும் ஆடுமாடு வளர்ப்போரும் அன்றாடம் உண்ணியைக் காண்பவர்கள். ஓர் ஊரில் உண்ணி பெருகுவதை முதலில் அறிபவர்கள் அவர்களே.

பெயரால் வரும் குழப்பம்

தமிழ்நாட்டில் 'உண்ணிக் காய்ச்சல்' என்ற பெயர் பெரும்பாலும் ஸ்க்ரப் டைபஸ் என்ற வேறொரு நோயைக் குறிக்கிறது. அதைப் பரப்புவது கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்ணுண்ணியின் இளம்புழு. இரண்டாம் உலகப்போரில் அசாம்-பர்மா களத்தில் படைவீரர்களை வாட்டிய அந்நோய், பின்னர் ஏறக்குறைய மறக்கப்பட்டது. 2001-02 குளிர்மாதங்களில் வேலூரில் ஏற்பட்ட பரவலை அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் பதிவுசெய்தபின் மீண்டும் கவனம் பெற்றது.

இந்த வேறுபாடு உயிர் காக்கும் வேறுபாடு. ஸ்க்ரப் டைபஸ் நோயை உண்டாக்குவது பாக்டீரியா. டாக்சிசைக்ளின் என்ற மலிவான மருந்தால், நேரத்தில் தொடங்கினால், குணமாகும். கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போன்ற கருநிறப் பொருக்கு இருப்பது முக்கிய அடையாளம். அக்குள், இடுப்பு, தொடை மடிப்பு ஆகிய மறைவிடங்களில் அது இருப்பதால், மருத்துவர் தேடிப் பார்க்காவிட்டால் தெரியாது. கியாசனூர் நோயிலோ அந்த மருந்துக்கு வேலையில்லை. "காட்டுக்குப் போனீர்களா? உடலில் உண்ணி இருந்ததா? அப்பக்கம் குரங்கு செத்துக் கிடந்ததா?" என்ற மூன்று கேள்விகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கேட்பது சரியான பரிசோதனைக்கு வழிகாட்டும்.

ஊர் அளவில் செய்யத்தக்கவை

1957 முதலான பட்டறிவிலிருந்து எளிய நடைமுறைகள் சில பெறப்படுகின்றன.

இறந்த குரங்கைத் தொடக்கூடாது. புதைக்கவோ எரிக்கவோ தாமே முயலக்கூடாது. பந்திப்பூரில் பாதிக்கப்பட்டோர் அதைச் செய்தவர்களே. இடத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறைக்கும் சுகாதார ஆய்வாளருக்கும் அன்றே சொல்ல வேண்டும்.

காட்டுக்குச் செல்வோர் கைகால் மறைக்கும் உடை அணிந்து, காற்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்வது நல்லது. திரும்பியதும் உடைகளை வெந்நீரில் துவைத்து, உடல் முழுதும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடித்துக்கொண்டிருக்கும் உண்ணியை நசுக்கக்கூடாது. நெருப்பு வைப்பதோ மண்ணெண்ணெய் ஊற்றுவதோ தீங்கே தரும். நுனி கூரிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுத்து எடுத்தபின் சோப்பு நீரால் கழுவ வேண்டும்.

மேய்ந்து திரும்பும் மாடுகளின் காது, மடி, வாலடி ஆகிய இடங்களைப் பார்த்து, கால்நடை மருத்துவர் கூறும் மருந்தால் உண்ணியை நீக்க வேண்டும். கொட்டகைச் சுவரின் வெடிப்புகளை அடைப்பதும் பயன்தரும்.

இவற்றோடு, வனத்துறை, கால்நடைத்துறை, சுகாதாரத்துறை மூன்றும் தமக்குள் செய்தி பகிர்வது தேவை. குரங்குச் சாவு ஒரு துறையின் ஏட்டிலும் காய்ச்சல் மற்றொரு துறையின் ஏட்டிலும் தனித்தனியே கிடந்தால் இரண்டையும் யாரும் இணைத்துப் பார்க்க முடியாது. 2004இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் மாவட்டந்தோறும் காய்ச்சல் விவரங்களைத் தொகுக்கிறது. விலங்குச் சாவுகளும் அதனுடன் சேர்த்து நோக்கப்பட வேண்டும்.

சிமோகாவின் ஊரார் அந்த இணைப்பை எந்த ஏடும் இல்லாமல் செய்தனர். குரங்கு இறந்ததையும் மனிதர் படுத்ததையும் ஒருங்கே பார்த்து நோய்க்குப் பெயரும் வைத்தனர். ஆய்வகம் பின்னர் உறுதிசெய்தது அவர்கள் கண்டதைத்தான். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் அடிவாரத்தில் காடு சென்று திரும்பும் ஒருவர் கண்டதைச் சொல்வதற்கு ஓர் இடம் இருப்பதும், சொன்னால் யாரேனும் வந்து பார்ப்பார்கள் என்ற நம்பிக்கை அவருக்கு இருப்பதுமே நோய்க் கண்காணிப்பின் முதற்படி.